கோல் பட்டியலில் இல்லாத பெயர்கள்: இளம் ஹாக்கி ஆட்டக்காரர்களை முன்கூட்டியே அடையாளம் காண்பது எப்படி?

ஹாக்கி பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில்தான் இடம் தேடுவார்கள். கோல் விழுவதை ரசிக்க அது நல்ல இடம்தான். ஆனால் இன்னும் ஐந்து வருடத்தில் யார் பெரிய ஆட்டக்காரராக வந்து நிற்பார் என்று இன்றைக்கே கணிக்க நினைப்பவருக்கு அந்த இடம் உதவாது. பக்கவாட்டில், 23 மீட்டர் கோட்டுக்கு நேராக, கிடைக்கிற உயரமான படியில் உட்காருங்கள். பதினோரு பேரும் ஒருசேரக் கண்ணில் பட வேண்டும். பந்து ஒரு மூலையில் இருக்கும்போது மறுமூலையில் இருப்பவன் இடம் மாறுகிறானா, இடுப்பில் கை வைத்து வேடிக்கை பார்க்கிறானா என்பது தெரிய வேண்டும்.

நான் பார்ப்பது பெங்களூரில், அக்கித்திம்மனஹள்ளியில் இருக்கும் கர்நாடக மாநில ஹாக்கி சங்கத்தின் மைதானத்தில். ஆஸ்டின் டவுனில் வீடு என்பதால் நடந்தே போய்விடுவேன். அப்பா அல்சூரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் இருந்தவர். மட்டையைக் கையில் கொடுத்தது அவர்தான். நானும் ஹாஃப், அதாவது தடுப்புக்கும் முன்வரிசைக்கும் நடுவே இருக்கும் இடத்தில், ஆடினேன், அந்த ஆட்டத்தாலேயே ஒரு வங்கியில் வேலை கிடைத்தது, ஆடி முடித்த பிறகு தொழில்நுட்ப மேசைக்கு வந்தேன். ஸ்கோர் ஷீட்டை நிரப்புவது அந்த மேசையின் வேலை. கோல் அடித்தவரின் எண், நிமிடம், அது களக் கோலா, பெனால்டி கார்னரா, ஸ்ட்ரோக்கா. யாருக்குப் பச்சை அட்டை, யாருக்கு மஞ்சள் அட்டை. அந்தத் தாளில் அவ்வளவுக்குத்தான் இடம். மறுநாள் செய்தியில் வருவதும், தேர்வுக்குழுவின் கைக்குப் போவதும் அதுவேதான். அன்றைய ஆட்டத்தையே தாங்கிப் பிடித்தவனின் எண்ணை ஒரு முறைகூட எழுத வழியில்லாமல் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த நாட்கள் நிறைய உண்டு. நான் இங்கே சொல்லப்போவது அப்படிப்பட்டவர்களைக் கண்டுபிடிக்கும் வழி.

முதலில் கோல் கணக்கைப் பிரித்துப் பாருங்கள். பதினாறு வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் ஒருவன் நான்கு கோல் அடித்தான் என்று கேள்விப்பட்டால், அதில் எத்தனை ஷார்ட் கார்னர் (பெனால்டி கார்னருக்கு இன்னொரு பெயர்) என்று உடனே கேளுங்கள். அந்த வயதில் தோளும் தொடையும் முந்திக்கொண்டு வளர்ந்த பையன் பந்தை மட்டையோடு இழுத்து வீசும் டிராக் ஃபிளிக் அடித்தால், கவசத்துக்குள் பாதி உடம்பு தொலைந்துபோன சின்னக் கோல்கீப்பர் என்ன செய்வான்? கோல் விழத்தான் செய்யும். பெரியவர்கள் ஆட்டத்துக்கு வரும்போது எதிரே நிற்பவனும் வளர்ந்திருப்பான்.

தவிர, ஷார்ட் கார்னர் ஒருவர் அடிக்கிற கோலே இல்லை. கம்பத்திலிருந்து 10 மீட்டர் தள்ளி, பின்கோட்டிலிருந்து ஒருவர் பந்தைத் தள்ளுகிறார். கோலுக்கு முன்னால் வரைந்திருக்கும் அரைவட்டமான டிக்கு வெளியே ஒருவர் அதை நிறுத்துகிறார். அதற்குப் பிறகுதான் ஃபிளிக் அடிப்பவர் வருகிறார். தள்ளுகிற பந்து துள்ளாமல், வேகமாக, ஒரே கோட்டில் வர வேண்டும். நிறுத்துகிற மட்டையிலிருந்து அது ஒரு சாண் விலகினாலும் ஃபிளிக் அடிப்பவரின் காலடிக் கணக்கு தப்பிவிடும், அதற்குள் தடுக்க ஓடி வரும் எதிரணியின் ரஷ்ஷர் வந்து நிற்பார். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், அந்தக் கார்னரை வாங்கித் தந்தவர் என்று ஒருவர் இருக்கிறார். டிக்குள் புகுந்து, தடுப்பவரின் காலில் பந்தைப் பட வைத்தவர். ஸ்கோர் ஷீட்டில் அவருக்கு இடமே கிடையாது.

அதனால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான்கு பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: வாங்கியவர், தள்ளியவர், நிறுத்தியவர், அடித்தவர். ஒரு போட்டித் தொடர் முழுக்க எழுதிவிட்டுப் புரட்டினால், நான்காம் பத்தியில் இருக்கும் பெயரை ஊரே சொல்லிக்கொண்டிருக்கும். முதல் பத்தியில் ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் அதை வட்டமிடுங்கள்.

ஃபிளிக் அடிப்பவர்களை ஒதுக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஷார்ட் கார்னரைக் கழித்துவிட்டால் அவரிடம் மிச்சம் என்ன இருக்கிறது என்று பாருங்கள் என்கிறேன். ஜுக்ராஜ் சிங் நல்ல உதாரணம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அவர் மாற்று ஆட்டக்காரர்தான், பதினாறு பேரில் இடமில்லை. அடுத்த மாதமே சீனாவின் ஹுலுன்புயரில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதி ஆட்டம். சொந்த மண்ணில் சீனா கோலே விடாமல் இழுத்துக்கொண்டு போகிறது. 51-வது நிமிடம் ஹர்மன்பிரீத் சிங் பந்தோடு முன்னேறி டிக்குள் கொடுக்க, அங்கே வந்து நின்று அதை உள்ளே தள்ளியவர் ஜுக்ராஜ். தடுப்பாட்டக்காரர் அடித்த களக் கோல், 1-0. ஃபிளிக்குக்காக மட்டும் வைத்திருக்கிற ஆள் அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருந்திருக்க மாட்டார். 2025 பிப்ரவரியில் ஹாக்கி இந்தியா லீக் இறுதியில் ஹைதராபாத்துக்கு எதிராக அவர் மூன்று கோல் போட்டு பெங்கால் டைகர்ஸ் 4-3 என்று கோப்பையைத் தூக்கியபோது எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

அடுத்தது கொஞ்சம் பொறுமை கேட்கும் வேலை. ஒரு கால்பகுதி முழுக்க, அதாவது 15 நிமிடம், ஒரே ஒருவரை மட்டும் பாருங்கள். பந்தைப் பார்க்காதீர்கள். முதலில் இது பைத்தியக்காரத்தனமாகத்தான் தோன்றும். பக்கத்தில் எல்லோரும் கத்துவார்கள், கழுத்து தானாகத் திரும்பும். பழகிவிட்டால் ஆட்டத்தைப் பார்க்கிற விதமே மாறிவிடும்.

லெஃப்ட் ஹாஃபிலிருந்து தொடங்குங்கள் என்பது என் சிபாரிசு. ஹாக்கி மட்டையின் ஒரு பக்கம்தான் தட்டை, இடக்கைக்காரருக்கென்று தனி மட்டை கிடையாது. எதிரணியின் ரைட் விங்கர் தன் வலப்பக்கத்தில், கோட்டை ஒட்டிப் பந்தை வைத்துக்கொண்டு வருவார். அவரை எதிர்கொண்டு நிற்கும் லெஃப்ட் ஹாஃபுக்கு அது இடப்பக்கம், ரிவர்ஸ் பக்கம். மட்டையைத் திருப்பிப் போட்டுத்தான் பறிக்க வேண்டும். மைதானத்திலேயே நன்றி கெட்ட இடம் அதுதான்.

சென்ற லீக் பருவத்தில் நீலசந்திராவிலிருந்து வரும் ஒரு பையனை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒல்லி, சட்டை எண் முதுகில் மடிந்து கிடக்கும். எதிரே வந்த விங்கர் அவனைவிட ஒரு தலை உயரம், வேகமும் அதிகம். முதல் முறை அவனைச் சுலபமாகத் தாண்டிப் போய்விட்டான். இரண்டாம் முறை விங்கரிடம் பந்து வந்து சேர்வதற்கு முன்பே நம் பையன் இரண்டு எட்டு இடப்புறம் எடுத்து வைத்தான். கோட்டுக்கும் தனக்கும் நடுவே ஆள் புகுகிற வழி இல்லாமல் அடைத்துவிட்டான். மட்டையை வீசவே இல்லை. தரையோடு வைத்தபடி பின்வாங்கிக்கொண்டே போனான். விங்கருக்கு உள்பக்கம் திரும்புவதைத் தவிர வேறு வழியில்லை. திரும்பினால் அங்கே சென்டர் ஹாஃப் காத்திருக்கிறான். அழகாகப் பந்தைப் பறித்தான், படியில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். கைதட்டல் முழுக்க சென்டர் ஹாஃபுக்கு. லெஃப்ட் ஹாஃப் அதற்குள் கோட்டோரம் பத்து மீட்டர் முன்னேறி, திரும்பி வரும் பாஸுக்கு மட்டையைக் காட்டிக்கொண்டிருந்தான்.

அந்த இரண்டு எட்டுதான் விஷயம். யாரும் பக்கத்தில் நின்று கத்திச் சொல்லவில்லை, பயிற்சியாளர் எதிர்க்கரையில் இருந்தார். முதல் முறை ஏமாந்ததிலிருந்து அவனே எடுத்துக்கொண்ட பாடம், அதுவும் ஒரே கால்பகுதிக்குள். பதினாறு வயதில் இது இருந்தால் உயரமும் வேகமும் பின்னால் வரட்டும் என்று காத்திருக்கலாம்.

ஆட்டம் முடிந்ததும் அவனுடைய அப்பா என்னிடம் வந்தார். "அக்கா, இந்த வருடமும் ஒரு கோல்கூட அடிக்கவில்லையே. ஃபார்வர்டில் போடச் சொல்லிக் கேட்கட்டுமா?"

"தம்பி, அவனை இருக்கிற இடத்தில் இருக்க விடு" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. நம் ஆட்களுக்கு எல்லோர் வீட்டிலும் ஒரு தன்ராஜ் பிள்ளை வேண்டும். கடக்கியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, உடைந்த மட்டையில் பழகி, நான்கு ஒலிம்பிக் ஆடிய மனிதர், ஆசைப்படுவதில் தப்பில்லை. லெஃப்ட் ஹாஃப் வேண்டும் என்று வேண்டிக்கொண்ட அப்பாவை மட்டும் நான் இன்னும் பார்க்கவில்லை.

கண்ணைக் கவனியுங்கள். பந்து தன்னிடம் வருவதற்கு முன் ஒருவன் எத்தனை முறை தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிறான்? சாதாரண ஆட்டக்காரன் பந்தையே பார்த்துக்கொண்டிருப்பான், நிறுத்திய பிறகுதான் தலையைத் தூக்கித் தேடுவான். செயற்கைப் புல் விரித்த டர்ஃபில் அதற்கெல்லாம் அவகாசம் கிடையாது. நல்லவன் பந்து புறப்படும்போதே ஒரு முறை பார்த்து வைத்துக்கொள்வான், பாதி வழியில் இன்னொரு முறை. மட்டைக்குப் பந்து வரும்போது உடம்பு ஏற்கெனவே பாதி திரும்பியிருக்கும். இந்தப் பழக்கத்தைப் பெரியவனான பிறகு சொல்லிக்கொடுப்பது கடினம். டிராக் ஃபிளிக்கை இருபது வயதில்கூடக் கற்றுக்கொடுத்துவிடலாம்.

மண் தரையிலிருந்தும் புல் தரையிலிருந்தும் வரும் பிள்ளைகளை டர்ஃபில் பார்க்கும் முதல் நாளில் எந்த முடிவுக்கும் வராதீர்கள். நீர் தெளித்த டர்ஃபில் பந்து அவர்கள் எதிர்பார்ப்பதைவிட வேகமாக வழுக்கி வரும். முதல் சில ஆட்டங்களில் மட்டைக்கு அடியில் பந்து நழுவிப் போய்க்கொண்டே இருக்கும். அவர்களிடம் வேறொன்று இருக்கும். கூழாங்கல்லில் பட்டு எப்படித் துள்ளும் என்று தெரியாத பந்தை நிறுத்திப் பழகிய கை, முழங்கால் உயரத்தில் வரும் பந்தைப் பதறாமல் இறக்கும். இன்று மேலே தூக்கிப் போடும் ஏரியல் பந்துகள் எவ்வளவு அதிகமாகிவிட்டன என்பதைப் பார்த்தால் அந்தக் கையின் விலை புரியும்.

வயதைப் பற்றி வெளிப்படையாகப் பேசிவிடலாம். வயதுப் பிரிவுகள் ஜனவரி 1-ஐ வைத்துக் கணக்கிடப்படுகின்றன. ஒரே வருடம் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு, நடுவே கிட்டத்தட்ட ஒரு வயது இடைவெளி. பதினான்கு, பதினைந்து வயதில் அந்த ஒரு வருடம் என்ன செய்யும் என்று பிள்ளை வளர்த்த யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. உலகம் முழுக்க இளையோர் அணிகளில் வருடத் தொடக்கத்தில் பிறந்தவர்கள் கூடுதலாக இருப்பதன் காரணம் இதுதான். ஆகவே பிறந்த மாதத்தைக் கேளுங்கள். அக்டோபர், நவம்பர், டிசம்பர் பிள்ளை ஒருவன் தன்னைவிடப் பெரியவர்களோடு மோதி, தோற்றாலும் அணியில் நீடிக்கிறான் என்றால், அவன் பலத்தை வைத்து ஆடவில்லை, மூளையை வைத்து ஆடுகிறான். உடம்பு சமமாகும் நாளில் அவனுடைய கணக்கு வேறாக இருக்கும்.

சான்றிதழில் வயதைக் குறைத்துக்கொண்டு வருவதும் நடக்கிறது. எலும்பு வயதைப் பார்க்கும் டிடபிள்யூ3 பரிசோதனை வந்ததே அதனால்தான். நீங்கள் மருத்துவர் அல்ல, போலீசும் அல்ல. பதினாறு வயதுப் பிரிவில் மீசையோடு நின்று எல்லோரையும் தள்ளிவிட்டு கோல் அடிப்பவனை உங்கள் நோட்டில் எழுதாமல் விட்டாலே போதும்.

கோல்கீப்பர்களுக்கு வேறு கடிகாரம். பி. ஆர். ஸ்ரீஜேஷ் திருவனந்தபுரத்தின் ஜி. வி. ராஜா விளையாட்டுப் பள்ளிக்கு வந்தபோது ஹாக்கிக்காரரே அல்ல. ஓட்டம், நீளம் தாண்டுதல், வாலிபால் என்று பார்த்துவிட்டுத்தான் கோல் கம்பத்துக்கு நடுவே போய் நின்றார். 2006-ல் இந்திய அணிக்கு அறிமுகமானார். நிலையான இடம் கிடைக்கப் பல வருடங்கள் ஆயின. 2011-ல் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதியில் பாகிஸ்தானின் பெனால்டி ஸ்ட்ரோக்குகளைத் தடுத்த பிறகுதான் வெளியில் பெயர் பரவியது. கடைசியில் டோக்கியோவிலும் பாரிஸிலும் இரண்டு ஒலிம்பிக் வெண்கலம், ஓய்வு பெறும்போது வயது 36. பதினெட்டு வயதில் இரண்டாவது கோல்கீப்பராக பெஞ்சில் இருக்கும் பிள்ளையைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். தடுத்த பந்துகளை எண்ணாதீர்கள். தடுத்த பந்து எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள்: பக்கக்கோட்டை நோக்கியா, எதிரணி ஃபார்வர்டின் மட்டைக்கா? இன்னொன்று, அவர் பேசுகிறாரா? பின்னால் இருந்து முழு மைதானத்தையும் பார்க்கிறவர் அவர் ஒருவர்தான். வாயை மூடிக்கொண்டு நல்ல கோல்கீப்பராக வந்தவர் யாரையும் எனக்குத் தெரியாது.

ரஷ்ஷர் என்று சற்று முன் சொன்னேனே, அந்த வேலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஷார்ட் கார்னரைத் தடுக்கக் கோல்கீப்பரோடு நான்கு பேர் பின்கோட்டில் நிற்பார்கள். பந்து தள்ளப்பட்ட நொடியில் முதல் ரஷ்ஷர் முகமூடியும் முழங்கால் கவசமும் மாட்டிக்கொண்டு நேராக ஃபிளிக் அடிப்பவரை நோக்கி ஓடுவார். மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டிப் பறக்கும் பந்து, அதன் பாதையில் வேண்டுமென்றே ஓடும் மனிதர். இந்த வேலையில் உலகத்தரமானவர் ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டத்திலிருந்து வந்த அமித் ரோஹிதாஸ். 2013-ல் அறிமுகமாகி, பிறகு சில வருடங்கள் வெளியே இருந்து, மறுபடி உள்ளே வந்தவர். பாரிஸில் பிரிட்டனுக்கு எதிரான காலிறுதியில் அவருக்குச் சிவப்பு அட்டை. ஜெர்மனியுடனான அரையிறுதியில் ஆட முடியவில்லை. இந்தியா 3-2 என்று தோற்றது. அவர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது, ஆனால் அன்று ஒவ்வொரு ஷார்ட் கார்னருக்கும் அவர் இல்லாத இடம் கண்ணை உறுத்தியது. இளையோர் ஆட்டத்தில் முதல் ரஷ்ஷராக யார் ஓடுகிறார், அடி வாங்கிய அடுத்த கார்னருக்கும் அதே கோட்டில், அதே வேகத்தில் ஓடுகிறாரா என்பதைப் பாருங்கள். கொஞ்சம் வளைந்து ஓடத் தொடங்கினால் பயம் வந்துவிட்டது என்று அர்த்தம். அது குற்றமில்லை; எனக்கும் வந்திருக்கும்.

ஃபார்வர்டுகளைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை, எல்லோரும் அவர்களைத்தான் பார்க்கிறார்கள். பந்தை இழந்த அடுத்த ஐந்து எட்டில் என்ன செய்கிறார் என்று மட்டும் பாருங்கள். தலையில் கை வைப்பவர் ஒரு ரகம், பந்தை எடுத்தவரைத் துரத்துபவர் இன்னொரு ரகம்.

பெஞ்சைப் பார்க்க மறக்காதீர்கள். ஹாக்கியில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம், ஃபார்வர்டுகள் சில நிமிடங்களுக்கு ஒரு முறை உள்ளே வெளியே போய்க்கொண்டே இருப்பார்கள். வெளியே வந்தவர் தண்ணீர் பாட்டிலை வீசி எறிகிறாரா, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு தனியாகப் போகிறாரா, அல்லது பக்கத்தில் இருப்பவரிடம் கையைக் காட்டி அந்த இடத்தில் வழி இருக்கிறது என்று சொல்கிறாரா? மேசை பெஞ்சுகளுக்கு நடுவிலேயே இருப்பதால் இதெல்லாம் என் காதிலேயே விழும். பச்சை அட்டை வாங்கி இரண்டு நிமிடம் உட்கார வந்தவர்கள் என் பக்கத்து நாற்காலிக்குத்தான் வருவார்கள். நடுவரைத் திட்டிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. "இன்னும் எத்தனை விநாடி?" என்று கேட்டுவிட்டு, ஆட்டத்தை விட்டுக் கண்ணை எடுக்காதவர்களும் உண்டு. இரண்டாம் வகையில் ஒருவரைக் கண்டால் எண்ணைக் குறித்துக்கொள்வது என் வழக்கம்.

ஒரு தேர்வாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும், பெயர் வேண்டாம். கடைசிக் கால்பகுதிக்குத்தான் வருவார், ஸ்கோர் ஷீட்டை வாங்கிப் பார்ப்பார், கோல் அடித்த எண்களைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு போய்விடுவார். அவருக்கு அதுவே ஆட்டம். கைபேசி என்றதும் நினைவுக்கு வருகிறது: இப்போது பெற்றோர்கள் பிள்ளைகளின் ஆட்டத்தை ஒரு நிமிட வீடியோவாக வெட்டி அனுப்புகிறார்கள். டாட்ஜ், டாட்ஜ், கோல், பாட்டு. டாட்ஜ் செய்து பந்தை இழந்த பத்து முறையை யார் வெட்டி எறிந்தார்களோ தெரியாது. முழு ஆட்டத்தின் பதிவு இருந்தால் அனுப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நேரில் போய்ப் பாருங்கள்.

எங்கே போய்ப் பார்ப்பது? பெங்களூரில் மாநில சங்கத்தின் லீக் ஆட்டங்களே போதும். ராணுவ அணிகள், ரயில்வே, வங்கிகள், மாநில விளையாட்டு விடுதிப் பிள்ளைகள் என்று எல்லோரும் ஒரே டர்ஃபில் இறங்குவார்கள். விடுதிப் பையன் ஒருவன் முப்பது வயது ராணுவ ஆட்டக்காரரிடம் மாட்டிக்கொண்டு எப்படி வெளியே வருகிறான் என்று பார்ப்பதைவிட நல்ல பரீட்சை கிடையாது. மைசூர் சாலையில் ஞானபாரதி வளாகத்தில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் மையம் இருக்கிறது, தேசிய முகாம்கள் அங்கேதான். ஆனால் அங்கே இருப்பவர்கள் ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டவர்கள், நமக்கு வேலையில்லை.

ஏப்ரல், மே மாதங்களில் குடகுக்குப் போக முடிந்தால் போங்கள். 1997-ல் தொடங்கிய கொடவக் குடும்பங்களின் ஹாக்கித் திருவிழா அப்போது நடக்கும். ஒரு குடும்பம் ஓர் அணி. தாத்தா, மருமகள், பேரன் எல்லோரும் ஒரே அணியில் ஆடுவார்கள். சோமவார்பேட்டையின் எஸ். வி. சுனில் போன்ற ஓட்டக்காரர்களை இந்த மாவட்டம் சும்மா தரவில்லை. தமிழ்நாட்டுப் பக்கம் என்றால் கோவில்பட்டி. அங்கே பழகிய அரியலூர் கார்த்தி செல்வமும், அந்த ஊர்க்காரரான மாரீஸ்வரனும் 2022-ல் ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினார்கள். அடுத்த வருடம் சென்னையில் மலேசியாவுக்கு எதிராக கார்த்தி கோல் அடித்தபோது எழும்பூர் மைதானமே எழுந்து நின்றது. ஜார்கண்டின் சிம்டேகாவில் ஆடு பரிசாகக் கொடுக்கும் கஸ்ஸி ஹாக்கிப் போட்டிகள் நடக்கின்றன. அங்கே போக எனக்கு இன்னும் வாய்க்கவில்லை, ஆசை இருக்கிறது.

இனி காசு. இந்தியாவில் ஹாக்கிக்காரருக்குத் தொழில் என்றால் இன்றும் முதலில் வேலைதான்: ரயில்வே, ராணுவம், எண்ணெய் நிறுவனங்கள், வங்கிகள். 2017-க்குப் பிறகு நின்றுபோன ஹாக்கி இந்தியா லீக் 2024 டிசம்பரில் திரும்பத் தொடங்கியதால் இன்னொரு கதவு திறந்தது. அதற்காக நடந்த ஆட்டக்காரர்கள் ஏலத்தில் ஹர்மன்பிரீத் 78 லட்சத்துக்குப் போனார். நம் கண் இருக்க வேண்டியது அந்த எண்ணில் அல்ல. 24 பேர் கொண்ட ஒவ்வோர் அணியிலும் நான்கு ஜூனியர்கள் கட்டாயம் என்பது அந்தப் பருவத்து விதி. அடிப்படை விலை 2 லட்சத்திலிருந்து தொடங்கியது. கையில் பணம் குறைந்த பிறகு அணிகள் இந்த ஜூனியர் இடங்களை நிரப்பும்போதுதான் கோல் பட்டியலில் இல்லாத பெயர்கள் வெளியே வரும். வெளிநாட்டு மூத்த ஆட்டக்காரர்களோடு ஒரே அறையில் உட்கார்ந்து ஆட்டத்தின் வீடியோவைப் பார்க்கும் வாய்ப்பு, அவர்களுக்குக் கிடைக்கும் தொகையைவிடப் பெரியது. ஆகவே ஏலச் செய்தி வரும்போது மேல்பக்கத்தைப் படித்துவிட்டு மூடிவிடாமல் கடைசி வரிகளுக்கு இறங்குங்கள். அங்கே ஒரு லெஃப்ட் ஹாஃப் இருந்தால் அவரது அடுத்த ஆட்டத்தைத் தேடிப் பிடியுங்கள்.

கண்டுபிடித்த பிறகு அவசரப்பட்டு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரியாதீர்கள், முக்கியமாகப் பிள்ளையிடமோ வீட்டாரிடமோ. இரண்டு பருவம் பாருங்கள். நன்றாக ஆடும் நாளில் பார்த்த எண்ணை, மழையில் தோற்ற நாளிலும் பாருங்கள். பயிற்சியாளரிடம் எழுதிக் கொடுப்பதாக இருந்தால் "திறமையான பையன்" என்று எழுத வேண்டாம், அந்த வார்த்தையை அவர் தினமும் கேட்கிறார். "எண் 4, லெஃப்ட் ஹாஃப். முதல் முறை தாண்டிய விங்கரை அடுத்த முறை கோட்டோரம் அடைத்து உள்ளே திருப்பினான். மூன்று ஷார்ட் கார்னருக்கு முதல் ரஷ்ஷராக ஓடினான்" என்று எழுதினால் அவரே அடுத்த ஆட்டத்தில் கண்ணைத் திருப்புவார்.

கடைசியாக, பெண்கள் ஆட்டத்துக்குப் போங்கள். பெங்களூரு பெண்கள் ஹாக்கி ஒன்றும் நேற்று முளைத்ததல்ல. இந்த ஊரின் எல்வேரா பிரிட்டோ 1965-லேயே அர்ஜுனா விருது வாங்கிவிட்டார். பெண்களுக்கான ஹாக்கி இந்தியா லீக் முதன்முதலில் 2025 ஜனவரியில்தான் நடந்தது, அதுவும் நான்கே அணிகளோடு. இடம் குறைவு, தேடுகிற கண்கள் அதைவிடக் குறைவு. காலையில் பெண்கள் ஆட்டம், மாலையில் ஆண்கள் ஆட்டம் என்றால் அந்தத் தேர்வாளர் மாலையில்தான் வருவார், அதுவும் கடைசிக் கால்பகுதிக்கு. காலை ஏழரைக்கு வந்தால் 23 மீட்டர் கோட்டுக்கு நேரான மேல்படி முழுக்க உங்களுக்குத்தான். நோட்டும் தொப்பியும் கொண்டு வாருங்கள். மைதானத்துக்குள் காபி கிடைக்காது, வெளியே வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும்.